கடந்து போகும் ஊர்: பிரிண்டிசித் துறைமுகம்

டெல்லியிலிருந்து ஊருக்குப் போகும்போது கிராண்டு டிரங்க் வண்டியில் நாம் எத்தனை ஊர்களைக் கடக்கிறோம்! இடார்சி, நாகபுரி, வாரங்கல், விசயவாடா என்று உறக்கத்தில் கேட்டாலும் வரிசையாக ஒப்பிப்போம். நாகபுரி என்றால் ஆரஞ்சு; விசயவாடா என்றால் கிருஷ்ணை ஆற்றுப் பாலம். அதற்கு மேல் அந்த ஊர்களைப்பற்றி நமக்கு என்ன தெரியும்? நான் ஆறு ஆண்டுகளாக அந்த வழியில் போய் வருகிறேன். நாகபுரி நிலையத்திற்கு வெளியே ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

உலகத்தில் சில ஊர்களுக்கு இதுவே தலையெழுத்து. எல்லாரும் வருவார்கள், யாரும் தங்கமாட்டார்கள். அத்தகைய ஊர் ஒன்றைப்பற்றிச் சென்ற மாதம் நம் சங்கத்தின் படிப்பு வட்டத்தில் பேசினேன். அதையே எழுதித் தரும்படி மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். பேச்சில் விட்டுப்போனதையும், சொல்ல வெட்கப்பட்டு நான் மறைத்ததையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இத்தாலி நாட்டின் படத்தை எடுத்துப் பாருங்கள். பூட்சுக்கால் போன்ற அந்நாட்டின் குதிகாலில், கிழக்குப் பக்கம், ஏட்ரியாட்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது பிரிண்டிசி. எதிர்க்கரையில் அல்பேனியா, சற்றுத் தெற்கே கிரேக்க நாடு. அல்பேனியாவுக்கு இதைவிட அண்மையில் உள்ள ஊர் ஒட்ராண்டோ. அங்கே கடலின் அகலம் எழுபது கிலோ மீட்டர் அளவுதான். ஆயினும், பெரிய கப்பற் கூட்டம் அஞ்சாமல் ஒதுங்குவதற்கேற்ற இடம் பிரிண்டிசியே. கடல் நிலத்துக்குள் நுழைந்து, இரண்டு கைகளாகப் பிரிந்து, ஊரை இருபுறமும் அணைத்துக்கொண்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் மானின் தலையும் இரு கொம்புகளும் போலத் தோன்றும். ரோமானியருக்கு முன் அங்கு வாழ்ந்த மெசாப்பிய மக்களின் மொழியில் மான் தலையைக் குறித்த சொல்லே ஊர்ப் பெயராயிற்று என்பர். ரோமானியர் அதைப் புருண்டிசியம் என்று அழைத்தனர்.

ரோமாபுரியிலிருந்து தெற்கே செல்லும் ஆப்பியன் பெருவழி கி. மு. 312-இல் தொடங்கப்பட்டது. முதலில் அது காப்புவா என்ற ஊர்வரைதான் போயிற்று. பிறகு படிப்படியாக நீண்டு பிரிண்டிசியில் கடலைத் தொட்டது. எதிர்க்கரையில் இறங்கினால் எக்நாத்தியா என்ற மற்றொரு பெருவழி பைசாந்தியம்வரை போகும். இரண்டு நெடுஞ்சாலைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல். அதைத் தாண்டும் துறை இந்த ஊர். கிரேக்கத்துக்குப் படிக்கப் போன செல்வர் வீட்டுப் பிள்ளைகள், படைகள், அதிகாரிகள், வணிகர் எல்லாரும் இவ்வழியேதான். 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த ஆப்பியன் வழியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

நான் அங்கே போன கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு செப்டம்பரில் ரோமில் இரண்டு மாத ஆய்வுப் பயிற்சி முடிந்தது. அடுத்து கிரேக்க நாட்டில் யோவானினா என்னும் நகரில் ஒரு கருத்தரங்கு. நான் கட்டுரை படிக்க வேண்டியது காலைப் பதினொரு மணிக்கு. விமானத்துக்குக் கையில் பணமில்லை. ஆகவே ரோமிலிருந்து ரயிலில் பிரிண்டிசி, அங்கிருந்து இரவு ஃபெர்ரிக் கப்பலில் இகுமெனிட்சா, பிறகு பஸ். இப்படிக் கணக்குப் போட்டு, மிகக் குறைந்த கட்டணமான தளச்சீட்டு ஒன்றை வாங்கிவிட்டேன். தளச்சீட்டு என்றால் அறை இல்லை, படுக்கை இல்லை. கப்பலில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே முடங்கிக்கொள்ளலாம். நம்முடைய ரிசர்வ் செய்யாத பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று மட்டும் தாராளம்.

வழித்துணைக்கு என்னிடம் ஒரு பழைய பிரயாண நூல் இருந்தது. நடைபாதைப் புத்தகக் கடையில் வாங்கியது, எண்பதுகளில் அச்சானது. ரயில் நிலையத்திலிருந்து இறங்கி, உம்பெர்த்தோ சாலை, கரிபால்டிச் சாலை என்று நேரே ஒரு கிலோ மீட்டர் நடந்தால் கடற்கரை, அங்கேயே கப்பல் என்று அதில் எழுதியிருந்தது. அதை நம்பினேன்.

அந்த நூல் எழுதிய காலத்தில் அது உண்மைதான். ஐரோப்பா முழுவதும் சுற்றிவர ஒரே சீட்டு தரும் யூரெயில் திட்டம் 1959-இல் வந்தது. ஐரோப்பிய இளைஞர்களுக்கான இன்டர்ரெயில் சீட்டு 1972-இல் வந்தது. யூரெயில் சீட்டை வைத்துக்கொண்டே பிரிண்டிசியிலிருந்து கிரேக்க நாட்டுப் பாத்ராஸ் துறைமுகத்துக்குக் கப்பலிலும் போகலாம் என்று ஏற்பாடு இருந்தது. ஆதலால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் முதுகு மூட்டையுடன் மாணவர்கள் கோடைதோறும் இந்த ஊரில் வந்து குவிந்தார்கள். நிலையத்திலிருந்து துறைவரை இருபுறமும் சீட்டுக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஓர் ஆள் நின்று கையைப் பிடித்து இழுப்பான். சீட்டு இலவசம் என்று நம்பி வந்தவரிடம் துறைமுக வரி, கோடைக்கால மிகைக் கட்டணம் என்று ஏதாவது ஒன்று வசூலாகும். புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். தவறினால் இடம் போய்விடும். வெயிலில் அரை நாள் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள், "பிரிண்டிசியா? பார்க்க ஒன்றுமில்லை, சீக்கிரம் ஓடிவிடு" என்று அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கல்லெறி தூரத்தில் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு நின்றுகொண்டிருந்தது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நாகபுரியை நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வரலாறு ஒரு தூண். துறைமுகத்தைப் பார்த்த படிக்கட்டின் உச்சியில், ஏறத்தாழ 19 மீட்டர் உயரத்தில், ஒற்றையாக நிற்கிறது. ஆப்பியன் வழியின் முடிவைக் காட்ட நட்டது என்பது ஊரார் வழக்கு. முதலில் இரட்டைத் தூண்கள். 1528-இல் ஒன்று விழுந்துவிட்டது. விழுந்த துண்டுகள் பதினேழாம் நூற்றாண்டில் லெச்சே என்ற அடுத்த நகருக்குப் போய், அங்கே ஒரு புனிதரின் சிலையைத் தாங்கி நிற்கின்றன. பிரிண்டிசிக்கு மிஞ்சியது ஒரு தூணும், மற்றதன் பீடமும்.

பிற்பகலில் அந்தப் படிக்கட்டில்தான் போய் உட்கார்ந்தேன். கையில் ரொட்டி, கண்ணெதிரே நீலத் துறைமுகம். அருகிலுள்ள சுவரில் ஒரு கல்வெட்டு, மகாகவி வர்ஜில் இந்த இடத்தில் உயிர் நீத்தார் என்கிறது. இந்த வீடுதானா என்பது ஒருபுறமிருக்க, இந்த ஊர் என்பதில் ஐயமில்லை. தம் பெருங்காப்பியத்தைக் கிரேக்க நாட்டில் தங்கிச் செப்பனிட மூன்று ஆண்டுகள் ஒதுக்கிக்கொண்டு புறப்பட்டவர் அவர். ஏதென்சில் அகஸ்டஸ் பேரரசரைச் சந்தித்ததால், அவரோடு திரும்ப நேர்ந்தது. மெகாரா என்னும் ஊரில் வெயிலில் சுற்றியதால் காய்ச்சல் கண்டது. கப்பலில் அது முற்றியது. பிரிண்டிசியில் இறங்கிச் சில நாட்களில், கி. மு. 19, செப்டம்பர் 21 அன்று காலமானார். முடிவுபெறாத காப்பியத்தை எரித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம், அரசர் இணங்கவில்லை. உடலை நேப்பிள்சுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இறந்த பிறகும் அவர் இங்கே தங்கவில்லை!

வர்ஜிலின் நண்பர் ஹோரேஸ் ரோமிலிருந்து பிரிண்டிசிவரை வந்த பிரயாணத்தை ஒரு கவிதையாகவே பாடியிருக்கிறார். வழியில் கடித்த கொசு, உறங்கவிடாத தவளை, கெட்ட தண்ணீர், விடுதியில் தீப்பிடித்தது எல்லாம் அதில் உண்டு. பிரிண்டிசியைப்பற்றி மட்டும், வழியும் தாளும் இங்கே முடிந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்.

ஆனால் இந்த ஊரில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் கதையே மிகவும் பிடித்தது. கி. மு. 49-இல் சீசருக்கு அஞ்சி ஓடிவந்த பாம்பே இங்கே வந்து சேர்ந்தார். துறைமுக வாயிலை அடைக்கச் சீசர் இருபுறமும் மண்ணும் கல்லும் கொட்டி, நடுவில் தெப்பங்களை நிறுத்தினார். பாம்பேயோ தெருக்களில் பள்ளம் வெட்டி, கூர்முளைகளை நட்டு, மேலே மண் மூடிவிட்டு, இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார். துரத்திப் போகச் சீசரிடம் கப்பல் இல்லை.

அடுத்த ஆண்டு பாம்பேயின் பக்கம் தோற்றது. அந்தப் பக்கம் சேர்ந்திருந்த சிசரோ, நாவன்மையில் ரோமுக்கே தலைவர், கி. மு. 48 அக்டோபரில் எதிர்க்கரையிலிருந்து வந்து பிரிண்டிசியில் இறங்கினார். அதற்கு மேல் ஓர் அடி வைக்க அவருக்கு உரிமை இல்லை. சீசர் மன்னித்தால்தான் ரோமுக்குப் போகலாம். சீசர் எகிப்தில் இருந்தார். பிறகு ஆசியா மைனரில் போர். மாதங்கள் சென்றன. ஏறத்தாழ ஓராண்டு இந்தக் கடற்கரை ஊரில் சிசரோ காத்துக் கிடந்தார். மகள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கையில் பணமில்லை, உடம்பு சரியில்லை, நண்பனுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். 47 செப்டம்பரில் சீசர் வந்து அன்போடு பேசிய பிறகே வழி திறந்தது. விசாவுக்குத் தூதரக வாசலில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போதெல்லாம் நான் சிசரோவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இடைக்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலுவைப் போருக்குப் போனவர்கள் இங்கே கப்பலேறினார்கள். 1225-இல் இரண்டாம் பிரெடரிக் மன்னர் ஜெருசலேம் அரசுரிமை உடைய இளவரசியை இவ்வூர்த் தேவாலயத்தில் மணந்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் பகைவர் கப்பல் நுழையாதிருக்க வாயிலை அடைத்தார்கள். அங்கேதான் கேடு. கடல்நீர் உள்ளே வந்து போக வழியின்றித் தேங்கியது. துறைமுகம் சேற்றுக் குட்டையாயிற்று. மலேரியா ஊரைத் தின்றது. பிகொனாத்தி என்ற பொறியியலறிஞர் 1776-இல் தொடங்கிக் கால்வாயை மீண்டும் வெட்டும்வரை இந்த நிலைதான். அந்தக் கால்வாய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நம் நாட்டுக்கும் இவ்வூருக்கும் உள்ள தொடர்பு இதற்குப் பிறகு வருகிறது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. லண்டனிலிருந்து இந்தியாவுக்குத் தபால் அதுவரை பிரான்சு நாட்டு மார்சேய் துறைமுகம் வழியாக வந்தது. 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரான்சு வழி நம்பத்தக்கதாக இல்லை. மறு ஆண்டு ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த ரயில் சுரங்கமும் திறந்தது. ஆகவே தபால் மூட்டைகள் லண்டனில் ரயிலேறி, இத்தாலியின் நீளம் முழுவதும் ஓடி, பிரிண்டிசியில் பி. அண்டு ஓ. கம்பெனிக் கப்பலில் ஏறின. கப்பலிலேயே ஜிப்ரால்டரைச் சுற்றி வருவதைவிடப் பல நாள் மிச்சம். பணம் படைத்த பிரயாணிகளும் லண்டனில் அலுவல்களை முடித்துக்கொண்டு, இந்தத் தபால் ரயிலில் வந்து கப்பலைப் பிடிப்பார்கள். ஜூல்ஸ் வெர்ன் தம் நாவலில் எண்பது நாளில் உலகைச் சுற்றும் கனவானையும் பிரிண்டிசியில்தான் கப்பலேற்றினார்.

அந்நாளில் சென்னையிலிருந்து சீமைக்கு எழுதிய கடித உறைகளின் மூலையில் 'பிரிண்டிசி வழி' என்று ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம். இன்றும் பழைய தபால்தலை சேகரிப்போரிடம் அத்தகைய உறைகளைப் பார்க்கலாம். நம் பாட்டன்மார் காலத்துக் குமாஸ்தாக்கள் இந்த ஊரைக் கண்டதில்லை. பெயரை மட்டும் வாரந்தோறும் எழுதினார்கள். பிரிண்டிசிக்கோ இதனால் பெரிய லாபமில்லை. கீழ்த்திசை இந்தியாவின் பெயரைத் தாங்கி ஒரு பெரிய ஓட்டல் கடற்கரையில் எழுந்தது. ஆனால் ரயிலிலிருந்து நேரே கப்பல், கப்பலிலிருந்து நேரே ரயில் என்று போகிறவன் ஊருக்குள் எதை வாங்கப் போகிறான்? 1914-இல் உலகப் போர் வந்ததும் இந்தத் தபால் வழியும் நின்றது.

காந்தியடிகளும் இவ்வழியே வந்தவர். இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் ஒன்றும் கிட்டாமல், சுவிட்சர்லாந்தில் ரோமேன் ரோலந்தைப் பார்த்துவிட்டு, ரோம் வழியாக ரயிலில் வந்து, 1931 டிசம்பர் 14-ஆம் நாள் பிரிண்டிசியில் 'பில்ஸ்னா' கப்பலில் ஏறினார். 28-ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். ஒரு வாரத்தில், 1932 ஜனவரி 4 அன்று, சிறை. ஐரோப்பிய மண்ணில் அவர் கடைசியாகக் கால் வைத்த இடம் பிரிண்டிசித் துறை. அதன் பிறகு அவர் ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை.

இவ்வளவையும் மனத்தில் புரட்டியபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்தது. கப்பலைக் காணோம். பக்கத்தில் மீன்வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என் அரைகுறை இத்தாலியத்தில் கேட்டேன். அவர் சிரித்தார். கிரேக்கக் கப்பல் இங்கிருந்து போய்ப் பல ஆண்டுகள் ஆயிற்றாம். வெளித் துறைமுகத்தில் கோஸ்தா மொரேனா என்ற இடம்; ஊரிலிருந்து பல கிலோ மீட்டர். கப்பல்கள் பெரிதாகிவிட்டன, லாரிகள் ஏற வேண்டும், உள் துறைமுகம் போதாது என்று கையால் அளந்து காட்டினார்.

அப்போது மணி ஏழரை. ஒன்பது மணிக்குள் முத்திரை வாங்கியாக வேண்டும். ஓடினேன். பஸ் ஒன்று என் கண்முன்னே போயிற்று. டாக்சிக்குக் கேட்ட தொகை என்னிடம் இல்லை. இதைத்தான் படிப்பு வட்டத்தில் மறைத்தேன்: வரலாற்று மாணவன், இரண்டாயிரம் ஆண்டைப் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தவன், அன்றைய கப்பல் எங்கே நிற்கிறது என்று யாரையும் கேட்கவில்லை! கட்டுரை போயிற்று, கருத்தரங்கு போயிற்று என்று சாலை ஓரம் நின்றேன்.

ஒரு சிறு வண்டி நின்றது. ஓட்டியவருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். பின்னால் அவருடைய தாயாரும் ஐந்தாறு மூட்டைகளும். "துறைமுகமா? ஏறு" என்றார். அம்மாவை அல்பேனியாவின் விலோராவுக்குக் கப்பலேற்றப் போகிறார். அந்தக் கப்பலும் அங்கிருந்துதான்.

வழியில் பேசினோம். அவர் பிரிண்டிசிக்கு வந்தது 1991 மார்ச் மாதம். அப்போது வயது எட்டு. அல்பேனியாவின் பழைய ஆட்சி ஆட்டங்கண்ட நேரம். கிடைத்த கப்பல்களில் எல்லாம் மக்கள் ஏறினார்கள். மார்ச் 7-ஆம் நாள் பிரிண்டிசித் துறையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து இறங்கினர். ஊரின் மக்கள்தொகையே ஒரு லட்சத்துக்குள். அரசாங்கம் என்ன செய்வதென்று திகைத்து நின்றபோது, ஊரார் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். ரொட்டியும் பாலும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். பலர் வீட்டுக்கே அழைத்துப்போனார்கள். "எங்கள் அம்மாவுக்கு ஒருவர் தம் காலணியைக் கழற்றிக் கொடுத்தார்" என்றார் அவர். பின்னாலிருந்த தாயார் மொழி புரியாவிட்டாலும் எதைப்பற்றிப் பேச்சு என்று தெரிந்தவர்போலத் தலையை ஆட்டினார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் 'விலோரா' என்ற கப்பல் ஏறத்தாழ 20,000 பேருடன் பாரி துறைமுகத்துக்கு வந்தது. இம்முறை அவர்களை ஒரு விளையாட்டரங்கில் அடைத்துவைத்து, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் கதவு சாத்திவிட்டது. "நாங்கள் மார்ச்சில் வந்தோம்; என் மாமன் ஆகஸ்டில் வந்தார்" என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் வண்டியை ஓட்டினார்.

எட்டு மணி நாற்பதுக்கு இறக்கிவிட்டார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அவர்கள் வரிசை வேறு, என் வரிசை வேறு. இத்தாலியும் கிரேக்கமும் ஒரே விசாவுக்குள் அடங்கிய நாடுகள். எனக்குத் தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்ததோடு சரி. அல்பேனியா செல்வோர் வரிசையில் மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தாயாரின் மூட்டையில் பெரும்பாலும் சோப்பும் காப்பித்தூளும் இருந்தன.

கப்பல் பிந்திப் புறப்பட்டது. தளத்தில் லாரி ஓட்டிகள் பாய் விரிப்பதுபோல் மெத்தை விரித்துப் படுத்துவிட்டார்கள். முதுகு மூட்டை மாணவர்கள் நாலைந்து பேர்தான். யூகோஸ்லாவியாவில் 1991-இல் போர் தொடங்கியதும் ஜெர்மனியில் வேலை பார்த்த கிரேக்கரும் துருக்கியரும் தரைவழியை விட்டு இத்தாலித் துறைமுகங்களுக்குத் திரும்பினார்கள். அப்போது பிரிண்டிசிக்குச் சில ஆண்டுகள் நல்ல கூட்டம். பிறகு அங்கோனாவிலிருந்து விரைவுக் கப்பல்கள் வந்தன. மலிவு விமானங்களும் வந்தன. மாணவர் கூட்டம் கரைந்தது. கரிபால்டிச் சாலையில் நான் பார்த்தபோது சீட்டுக் கடைகள் இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

விடியற்காலையில் இகுமெனிட்சா. அங்கிருந்து கிழக்கே போகும் புதிய நெடுஞ்சாலைக்கு எக்நாத்தியா என்றே பழைய பெயரை வைத்திருக்கிறார்கள். யோவானினா சேர்ந்தபோது மணி பத்தே கால். முகம் கழுவ நேரமிருந்தது.

நம் நண்பர்கள் யாரேனும் அவ்வழியே போனால் இரண்டு செய்தி. கப்பல் கோஸ்தா மொரேனாவில் நிற்கும், படிக்கட்டில் நில்லாது. ரயில் காலையிலேயே சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தூணின் உச்சியில் இப்போதிருப்பது நகல். அசல் சிற்பத் தலைப்பை கிரனாஃபெய் மாளிகையில் கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை.